தூக்க நோய் ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறீர்களா? இந்த வரிசையில் வாருங்கள்

ஒட்டுண்ணி நோய்களில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் மாணவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எந்த டெக்னிக் தெரிந்திருந்தால் லேபில் சேர்த்துக்கொள்வார்கள்?" நானும் அப்படி வந்தவன்தான். ஜீனை வெட்டத் தெரியும், புரதத்தைப் பிரிக்கத் தெரியும் என்று எழுதிக்கொடுத்து உள்ளே நுழைந்தேன். இரண்டு வருடம் ஒரே புரதத்தின் பின்னால் அலைந்த பிறகுதான், இதற்கு விடை கிடைத்தால் யாருக்கு என்ன மாறும் என்று யோசித்தேன். என்னால் ஒருவரையும் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நோயாளியிடம் தொடங்குங்கள், லேபுக்குக் கடைசியில் வாருங்கள். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

நீங்கள் உயிரியல் படித்தவராக இருக்கலாம், டாக்டராகவோ மாட்டு டாக்டராகவோ இருக்கலாம், கணினி படித்தவராகவும் இருக்கலாம். முதல் ஐந்து படிகளுக்கு ஒரு நோட்டும் இணையமும் போதும்.

படி 1: குடும்பத்தை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். தூக்க நோய், சாகாஸ் நோய், லெய்ஷ்மேனியா நோய்கள். மூன்றையும் உண்டாக்குபவை ஒரே குடும்பத்து ஒற்றைச் செல் உயிரிகள். எல்லாவற்றுக்கும் சாட்டை போல ஒரு வால் உண்டு, வாலின் அடியில் கைனெட்டோபிளாஸ்ட் என்ற டிஎன்ஏ முடிச்சும் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் கருவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு புள்ளியாகத் தெரியும்.

தூக்க நோய்க்குக் காரணம் டிரிப்பனோசோமா புரூசி. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில், செட்சி ஈ இருக்கும் இடங்களில் மட்டும் பரவும். பகலில் கடிக்கிற ஈ இது, ஆணும் கடிக்கும், பெண்ணும் கடிக்கும். சாகாஸ் நோய் லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசியை ரத்தம் குடிக்கும் ஒரு வகை நாவாய்ப்பூச்சி சுமக்கிறது. கடித்த இடத்துக்குப் பக்கத்தில் அது போடும் கழிவில்தான் கிருமி இருக்கும். லெய்ஷ்மேனியாவைப் பரப்புவது மணல் ஈ. உள்ளுறுப்பைத் தாக்கினால் கருங்காய்ச்சல், அதாவது காலா அசார்; தோலைத் தாக்கினால் ஆறாத புண்.

மூன்றாவது கட்டத்தில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டோனோவன், நோயாளி ஒருவரின் மண்ணீரலிலிருந்து எடுத்த ரத்தத்தில் இந்தக் கிருமியைப் பார்த்தார். அதே ஆண்டு வில்லியம் லெய்ஷ்மன், கொல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம்மில் காய்ச்சல் வாங்கி வந்து இங்கிலாந்தில் இறந்துபோன சிப்பாயின் மண்ணீரலில் தான் பார்த்ததை எழுதினார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லெய்ஷ்மேனியா டோனோவானி என்று வைத்தார்.

இப்போது முதல் கட்டத்துக்குள் இன்னொரு கோடு போடுங்கள். தூக்க நோய் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு நோய். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் காம்பியென்சி வகை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். பெரும்பான்மை நோயாளிகள் இந்த வகைதான், அவர்களிலும் அதிகம் பேர் காங்கோ ஜனநாயகக் குடியரசில். கிழக்கிலும் தெற்கிலும் ரொடீசியென்சி வகை. சில வாரங்களில் ஆளை விழுத்தாட்டிவிடும், மாட்டிலும் காட்டு விலங்கிலும் தங்கியிருக்கும். இரண்டும் இருக்கிற ஒரே நாடு உகாண்டா. பரிசோதனை, ஒழிப்புத் திட்டம் எல்லாமே இந்த இரண்டுக்கும் வேறு வேறு. எந்தப் பேப்பரைப் படித்தாலும் முதலில் இது எந்த வகையைப் பற்றியது என்று பாருங்கள். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

படி 2: ஒரு நோயாளியின் பாதையைக் காகிதத்தில் வரையுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

காங்கோவின் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் காலையில் கிழங்கு ஊறவைக்க ஆற்றுக்குப் போகிறார், அங்கே ஈ கடிக்கிறது. சில வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்பு அரிப்பு. விட்டுவிட்டு வருவதால் மலேரியா என்று நினைத்து அதற்கான மாத்திரையைச் சாப்பிடுகிறார். பின்கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, வலி இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. இது நோயின் முதல் கட்டம். கிருமி ரத்தத்திலும் நிணநீரிலும் இருக்கிறது.

மாதங்கள் போகின்றன. கிருமி மூளைக்குள் நுழைகிறது. நோயின் பெயரை வைத்து நோயாளி எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். தூக்கத்தின் நேரம் கலைந்துபோகிறது. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், இரவில் தூக்கமே வராது. பேச்சு மாறும், கோபம் வரும், வீட்டாரை அடையாளம் தெரியாமல் போகும். பேய் பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று குடும்பம் நினைக்கிறது. மருந்து கொடுக்காவிட்டால் கடைசியில் கோமா, பிறகு மரணம்.

இந்தப் பெண்ணை யார் எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் மருத்துவமனைக்கு வருவார் என்று காத்திருந்தால் முடியாது. அதனால் குழுக்கள் கிராமத்துக்குப் போகின்றன. 1920களில் கேமரூனில் யூஜின் ஜாமோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெரிய அளவில் நடத்திய இந்த முறை, நூறு வருடம் கழித்தும் மாறவில்லை. ஊரில் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். அட்டைப் பரிசோதனையில், நீலச் சாயம் ஏற்றிய கிருமிகளுடன் அந்தச் சொட்டைக் கலந்து 5 நிமிடம் ஆட்டுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் நீலம் திரிதிரியாகத் திரளும். இப்போது கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற துரிதப் பரிசோதனையும் வந்துவிட்டது. அதற்கு மின்சாரமும் குளிர்ப்பெட்டியும் வேண்டாம்.

அட்டை "ஆம்" என்றால் சந்தேகம் என்று மட்டும்தான் பொருள். அடுத்து கிருமியைக் கண்ணால் பார்க்க வேண்டும். கழுத்து நெறியில் ஊசி போட்டுச் சாறு எடுத்துப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ரத்தத்தை ஒரு சிறு குழாய் வழியாக வடிப்பார்கள். குழாயில் நிரப்பிய பொருள் சிவப்பணுக்களை மின்னூட்டத்தால் பிடித்து நிறுத்திக்கொள்ளும், டிரிப்பனோசோம் மட்டும் வழிந்து கீழே வரும். அதைச் சுழற்றி அடியில் சேர்ந்ததை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு மில்லி ரத்தத்தில் 50 கிருமி இருந்தாலே அகப்படும். அப்புறம் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்து, அதில் வெள்ளணு எத்தனை என்று எண்ணுவார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 5க்கு மேல் இருந்தால் இரண்டாம் கட்டம் என்று கணக்கு.

இந்தப் பாதையைப் பெட்டி பெட்டியாக வரைந்து, ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் "இங்கே ஏன் ஒருவர் தவறிப்போகலாம்?" என்று எழுதுங்கள். குழு வந்த நாளில் அவர் வயலில் இருந்திருக்கலாம். முதுகு ஊசிக்குப் பயந்து ஓடியிருக்கலாம். கிருமி ரத்தத்தில் மிகக் குறைவாக இருந்திருக்கலாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு "ஏன்" என்பதும் ஒரு ஆராய்ச்சிக் கேள்வி. பிற்பாடு எந்த லேபில் உட்கார்ந்தாலும் உங்கள் வேலை இந்தப் படத்தில் எந்த அம்பைத் தொடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: மருந்தின் வரலாற்றைத் தேதியோடு படியுங்கள்

வரலாறு படிக்க நேரமில்லை என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தத் துறையில் இன்று எடுக்கப்படும் முடிவுகளுக்குக் காரணம் எல்லாம் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

1900க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் விக்டோரியா ஏரியின் உகாண்டாக் கரையில் இரண்டரை லட்சம் பேர் அளவுக்கு இந்த நோய்க்குப் பலியானார்கள். 1903இல் ஆல்டோ காஸ்டெல்லானி அங்கே நோயாளிகளின் தண்டுவட நீரில் டிரிப்பனோசோமைக் கண்டார். அடுத்து ராபர்ட் கோக் அந்த ஏரித் தீவுகளில் அடாக்சில் என்ற ஆர்செனிக் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குப் பார்வை போனது. பிறகு சுராமின், பென்டாமிடின் வந்தன. இரண்டும் முதல் கட்டத்துக்குத்தான் உதவும், மூளைக்குள் போதுமான அளவு போகாது. இரண்டாம் கட்டத்துக்கு 1949இல் வந்தது மெலார்சோப்ரால். அதுவும் ஆர்செனிக்தான். நரம்பில் ஏற்றும்போது தீயாக எரியும். அந்த மருந்தே மூளையைத் தாக்கி, சிகிச்சை பெற்றவர்களில் 20 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இறந்தார்கள். ஐம்பது ஆண்டுக்கும் மேலாக, இறக்கலாம் என்று தெரிந்தே மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் சாவு நிச்சயம், வேறு மருந்தும் கையில் இல்லை.

1990இல் எஃப்லோர்னிதின் வந்தது. புற்றுநோய்க்காக உருவாக்கிய மருந்து, தூக்க நோயில் நன்றாக வேலை செய்தது. ஆனால் 14 நாளைக்கு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 56 முறை டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். வாங்குகிறவர்கள் ஏழைகள் என்பதால் லாபமில்லை என்று தயாரிப்பு நின்றது. அதே வேதிப்பொருள் பெண்களின் முகத்தில் முடி வளர்வதைக் குறைக்கும் களிம்பாக விற்பனைக்கு வந்தபோது, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் போராடி 2001இல் நோயாளிகளுக்கும் அது கிடைக்க வழிசெய்தன. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விஞ்ஞானம் விடை கண்டுபிடித்த பிறகும் மருந்து மக்கள் கைக்குப் போகாமல் நிற்கும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

2009இல் சாகாஸ் மருந்தான நிஃபுர்டிமாக்சைச் சேர்த்து டிரிப்சை 14ஆகக் குறைத்தார்கள். அதுவும் கிராமத்தில் முடிகிற காரியம் இல்லை. அப்புறம் 2003இல் தொடங்கிய டிஎன்டிஐ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, பழைய மருந்துப் பட்டியல்களைத் துழாவி, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் கைவிட்ட ஃபெக்சினிடசோலைத் தூசி தட்டி எடுத்தது. விக்டர் காண்டே என்ற காங்கோ மருத்துவர் தலைமையில், ஆற்றிலும் சேற்றிலும் கருவிகளைச் சுமந்து போய் ஆய்வு நடத்தினார்கள். 2018இல் அனுமதி கிடைத்தது. வாயில் போடும் மாத்திரை, சாப்பாட்டோடு நாளைக்கு ஒரு வேளை, 10 நாள். முதுகு ஊசியும் பல நோயாளிகளுக்குத் தேவையில்லாமல் போனது. அதற்கும் அடுத்து அக்கோசிபோரோல்: மூன்று மாத்திரை, ஒரே வேளை. காங்கோவிலும் கினியிலும் 208 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், முற்றிய கட்டத்தில் இருந்தவர்களிலும் 95 சதவீதம் பேர் குணமானார்கள்.

1998இல் பதிவான நோயாளிகள் 40,000க்குக் கொஞ்சம் குறைவு. கண்ணில் படாதவர்கள் 3 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2018இல் பதிவானவர்கள் 1,000க்கும் கீழே. டோகோ, கோட் டிவார், பெனின், உகாண்டா, கானா, சாட் என்று ஒவ்வொரு நாடாகக் காம்பியென்சி வகைக்குப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலை முடிந்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். 2030க்குள் அதன் பரவலையே நிறுத்திவிட வேண்டும் என்பது இலக்கு.

படி 4: "முடிந்துபோன நோய்தானே?" என்பதற்கு உங்கள் விடையைத் தேடுங்கள்

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் கேட்பார்கள், நேர்முகத் தேர்விலும் கேட்பார்கள். விடை கையில் இருக்கட்டும்.

நோய் குறையக் குறையக் கேள்வி மாறுகிறது. கிருமியைக் கொல்வது எப்படி என்பதைவிட, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பெரிதாகிவிட்டது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10,000 பேர் உள்ள ஊர்களில் ஒரே ஒரு நோயாளி. உங்கள் பரிசோதனை, நோய் இல்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 பேருக்குப் பொய்யாக "ஆம்" என்று வரும், உண்மையான நோயாளி அந்த நூற்றொருவரில் ஒருவர். மருந்து ஆபத்தானது என்றால் மீதி நூறு பேருக்கும் கொடுக்க முடியாது, ஒவ்வொருவரிடமும் கிருமியைத் தேடியாக வேண்டும். ஒரே வேளையில் முடிகிற, பாதுகாப்பான மருந்து இருந்தால் நூற்றொரு பேருக்கும் கொடுத்துவிடலாமா? அக்கோசிபோரோலைச் சுற்றி இவ்வளவு பேச்சு இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அந்த யோசனையைச் சோதிக்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன.

ஒளிந்திருக்கும் இடத்துக்கு வருவோம். 2016இல் ஒரு குழு கிருமி தோலில் தங்குகிறது என்று காட்டியது. ரத்தத்தில் கிருமி தெரியாத எலியைக் கடித்த செட்சி ஈக்கும் அது தொற்றியது. காங்கோவில் வேறு காரணத்துக்காக எடுத்து வைத்திருந்த பழைய தோல் மாதிரிகளைத் தேடிப் பார்த்தபோது, நோய் என்று கண்டறியப்படாதவர்களின் தோலிலும் டிரிப்பனோசோம் இருந்தது. அதே ஆண்டு இன்னொரு குழு எலியின் கொழுப்புத் திசுவில் அதைக் கண்டது. நூறு வருடமாக நாம் ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தோம். படி 2இல் நீங்கள் வரைந்த படத்தில் "ரத்தம்" என்ற பெட்டிக்குப் பக்கத்தில் இப்போது "தோல்" என்று எழுதிக்கொள்ளுங்கள். அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்கள் எத்தனை பேர், அவர்களிடமிருந்து ஈக்குப் போகிறதா, பன்றியும் ஆடும் இதில் பங்கு வகிக்கின்றனவா என்பதெல்லாம் திறந்த கேள்விகள்.

பக்கத்து நோய்களிலும் இதே வடிவம்தான். கருங்காய்ச்சல் குணமான பிறகு சிலருக்குத் தோலில் வெளிர்த் தடிப்பு வரும். அவர்கள் நோயாளிபோல் உணர்வதில்லை, ஆனால் மணல் ஈ அவர்களிடமிருந்து கிருமியை எடுத்துக்கொள்கிறது. பீகாரில் நோய் வெகுவாகக் குறைந்தபின் இவர்களைத் தேடுவதுதான் பெரிய வேலை. இலங்கையில் நிலைமை வேறு. இந்தியாவில் உள்ளுறுப்பைத் தாக்கும் அதே இனக் கிருமி அங்கே பெரும்பாலும் தோல் புண்ணாகத்தான் வருகிறது. ஏன் என்பது யாராவது முழு வாழ்நாளையும் கொடுக்கத் தகுந்த கேள்வி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம் இது. மாட்டைத் தாக்கும் புரூசி கிருமி மனிதரைத் தாக்காது. நம் ரத்தத்தில் ஏபிஓஎல்1 என்ற புரதம் அதைக் கொன்றுவிடும். ரொடீசியென்சி ஒரே ஒரு ஜீனை வைத்து அந்தப் புரதத்தை முடக்கிவிட்டதால்தான் மனித நோயானது. இந்தியாவில் மாட்டுக்கும் குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் வரும் சுர்ரா நோயின் கிருமி டிரிப்பனோசோமா எவான்சி. 1880இல் கிரிஃபித் எவான்ஸ் பஞ்சாபில் கண்டுபிடித்தது, நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோம்களில் முதலில் அடையாளம் கண்டதும் அதுதான். அதுவும் மனிதரைத் தொடாது என்றுதான் நம்பினோம். 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தத்தில் பார்த்தால் டிரிப்பனோசோம். சோதித்ததில், அவர் உடம்பில் வேலை செய்யும் ஏபிஓஎல்1 இல்லவே இல்லை. சுராமின் கொடுத்துக் குணமாக்கினார்கள். கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

படி 5: காசில்லாமல் முதல் ஆராய்ச்சியைச் செய்யுங்கள்

இந்தத் துறையில் தரவைப் பூட்டி வைப்பதில்லை. டிரிப்பனோசோமா புரூசி, குரூசி, லெய்ஷ்மேனியா மேஜர் மூன்றின் மரபணுத் தொகுப்பும் 2005இல் ஒரே நேரத்தில் வெளியானது. ட்ரைட்ரிப்-டிபி என்ற தளத்தில் எல்லாம் இருக்கிறது. ட்ரிப்டேக் என்ற இன்னொரு தளத்தில், புரூசியின் ஏறக்குறைய எல்லாப் புரதமும் செல்லுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படத்தோடு இருக்கிறது.

ஒரு பயிற்சி தருகிறேன். முதல் தளத்தில் பிஎஃப்ஆர்2 என்று தேடுங்கள். வாலுக்கு முதுகெலும்பு போல ஓடும் புரதம் அது. அதன் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டாவது தளத்தில் போடுங்கள். வால் முழுக்க ஒளிரும் படம் வரும். திரும்பவும் முதல் தளத்துக்கு வந்து, அந்த ஜீனை அடக்கினால் கிருமி பிழைக்கிறதா என்ற தரவைப் பாருங்கள். பிறகு அதே ஜீன் குரூசியிலும் லெய்ஷ்மேனியாவிலும் இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது, யாருமே பேப்பர் எழுதாத, "செயல் தெரியாத புரதம்" என்று பெயர் போட்ட ஒன்றை எடுத்து இதையே செய்யுங்கள். இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அது உங்கள் கையில் இருக்கும் முதல் சரக்கு.

படி 6: லேபில் முதல் மாதம்

புதியவர்கள் வேலை செய்ய ஏற்றது லிஸ்டர் 427 என்ற புரூசி வகை. பல பத்தாண்டுகளாக லேபில் இருக்கிறது, மனிதருக்குத் தொற்றாது. ரொடீசியென்சி, காம்பியென்சி, குரூசி மூன்றும் தொற்றும். தொற்றும் கிருமியை, போதிய பயிற்சியும் அதற்கான பாதுகாப்பு அறையும் இல்லாமல் தொட மாட்டேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். கண்ணாடி, ஊசி, கையில் சிறு வெட்டு, இவை வழியாக லேப் விபத்துகள் நடந்திருக்கின்றன.

ரத்த வடிவக் கிருமியை 37 டிகிரியில் வளர்ப்பார்கள், ஈக்குள் வாழும் வடிவத்தை 27இல். ரத்த வடிவம் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு மில்லியில் 20 லட்சத்தைத் தாண்டினால் சாகத் தொடங்கும். இந்த இரண்டு எண்ணையும் இன்குபேட்டர் கதவில் ஒட்டி வையுங்கள். நான் சேர்ந்த ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை மில்லிக்கு 10,000 என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலைக்குள் 60 மணி நேரம், பத்து இரட்டிப்பு, ஆயிரம் மடங்கு. அதாவது ஒரு கோடியைத் தொட வேண்டிய கணக்கு. அவ்வளவுக்கு இடமில்லாமல் எல்லாம் செத்துக் கிடந்தன. நான்கு மாதம் எடுத்து, ஜீனை மாற்றி உருவாக்கிய வகை அது, உறைநிலையில் வேறு பிரதி இல்லை. அன்றிலிருந்து என் வழக்கம்: புதிய வகை கைக்கு வந்த அன்றே கிளிசரால் சேர்த்துப் பல குழாய்களில் உறையவைப்பது, வெள்ளிக்கிழமை மில்லிக்கு 1,000க்கும் கீழே நீர்த்து விடுவது, தினமும் எண்ணி நோட்டில் எழுதுவது. கண்ணால் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று விடாதீர்கள், எண்ணுங்கள்.

லேப் கிருமி ஆற்றங்கரைக் கிருமி மாதிரி இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. இயற்கையில் கூட்டம் அதிகமானால் டிரிப்பனோசோம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, ஈக்குள் போகத் தயாரான குட்டை வடிவமாக மாறும். லிஸ்டர் 427 நீண்ட காலம் குடுவையில் வாழ்ந்ததில் அந்தப் பழக்கத்தை இழந்துவிட்டது, அதனால்தான் என் குடுவையில் அப்படிப் பெருகிச் செத்தது. உங்கள் கேள்வி பரவலைப் பற்றியது என்றால், குட்டை வடிவம் எடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 7: இடம் தேடுவது

புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. யானைக்கால், மலேரியா, மணல் ஈ பற்றிக் களத்தில் இறங்கிக் கற்க நமக்குப் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி.யும் உண்டு. கருங்காய்ச்சலுக்குப் பாட்னாவின் ராஜேந்திர நினைவு ஆராய்ச்சி நிறுவனம். சுர்ராவுக்கு ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். தூக்க நோய்க்கே போக வேண்டுமென்றால் ஆன்ட்வெர்ப், லிவர்பூல், கிளாஸ்கோ, டண்டி, பாசல் நகரங்களில் பெரிய குழுக்கள் உள்ளன. ஆனால் கின்ஷாசாவின் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், கம்பாலாவின் மக்கரேரே பல்கலைக்கழகம், புர்கினா ஃபாசோவில் போபோ டியுலாசோ நகரத்து சிர்டெஸ் ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் பெயர்களை உங்கள் பட்டியலின் மேலேயே எழுதுங்கள். அவர்கள் மாதிரி சேகரித்துத் தர மட்டும் இருப்பவர்கள் என்ற பழைய எண்ணத்தோடு யாரும் இந்தத் துறைக்கு வரக்கூடாது. கேள்வியை நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கைடாக வரக்கூடியவருக்கு மெயில் எழுதும்போது மூன்று பத்தி போதும். முதலில், அவர்கள் பேப்பர் ஒன்றில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. பாராட்டு வேண்டாம், கேள்வி வேண்டும். அடுத்து, படி 5இல் நீங்கள் செய்த இரண்டு பக்கக் குறிப்பு என்ன சொல்கிறது என்று நான்கு வரி. கடைசியில், நீங்கள் கேட்பது என்ன: கோடைக்கால புராஜெக்டா, பிஎச்டியா, எந்த மாதத்திலிருந்து, உதவித்தொகை கையில் இருக்கிறதா இல்லையா. ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படிக்கும்போதே தெரிந்துவிடும். ஐந்து பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை சுருக்கமாக நினைவுபடுத்துங்கள். பலர் இரண்டாவது மெயிலுக்குத்தான் பதில் போடுகிறார்கள்.

காத்திருக்கும் அந்த வாரங்களில் பிரெஞ்சு தொடங்குங்கள். காங்கோவிலும் கினியிலும் சாட்டிலும் நோயாளி அட்டையை, பரிசோதனைப் பதிவேட்டை, நர்சுகளின் குறிப்பை எல்லாம் பிரெஞ்சில்தான் எழுதுகிறார்கள். படி 2இல் நீங்கள் வரைந்த படத்தின் பெட்டிகளுக்குப் பிரெஞ்சில் பெயர் எழுதுவதிலிருந்தே பாடத்தை ஆரம்பிக்கலாம்.